சின்னமாமாவின் பங்கு

என்னைப் போல எட்டு, ஒன்பது வயதில் இந்த நகரத்துக்கு வந்து, வந்த ஆறாம் மாதமே வீட்டுக்கு வாயாகிவிட்ட பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்போது காதோரம் நரை தெரியத் தொடங்கியிருக்கும். டொக்டரிடமும், வாடகைக் கந்தோரிலும், பள்ளிக்கூடத்திலும் பெரியவர்களுக்கு நடுவில் நின்று அந்தப் பக்கத்துச் சொல்லை இந்தப் பக்கமும் இந்தப் பக்கத்துச் சொல்லை அந்தப் பக்கமும் கடத்தினீர்கள். அப்போது எதையெல்லாம் சொல்லாமல் விழுங்கினீர்கள் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

எனக்கு அந்த யோசனை சென்ற மாதம் வந்தது. மருந்துக்கடையில் என் ஏழு வயது மகளைப் பார்த்து அம்மா, "இந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ எண்டு அவனிட்டக் கேளணை" என்றார். நான் ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன்.

"அவள் கேக்கட்டுமன். வடிவா இங்கிலீசு கதைக்கிறாள்" என்றார் அம்மா.

நான் விடவில்லை. வீட்டுக்கு வந்தபின், பிள்ளைக்குக் கிடைக்கவிருந்த ஒரு சின்னப் பெருமையைப் பறித்துவிட்டேனோ என்று மனம் அரித்தது. பிறகு, இல்லை, சரியாகத்தான் செய்தேன் என்று பட்டது. பிறகு மறுபடியும் சந்தேகம். நான் அப்படித்தான். ஆனால் ஏன் அப்படி ஓடினேன் என்பதற்கு எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலத்துக்குத்தான் போகவேண்டும்.

நாங்கள் அப்போது ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் பதினோராவது தளத்தில் இருந்தோம். அப்பா, அம்மா, ஒன்பது வயதில் நான், நடக்கப் பழகியிருந்த தம்பி. அப்பாவுக்கு பிளாஸ்டிக் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறுகளில் இரட்டை ஷிப்ற். ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மாவுக்கு யன்னலும் வானமும்தான். வடக்கே ஒரு பிள்ளையார் கோயில் இருப்பதாகச் சொன்னார்கள். கார் இல்லாதவர்களுக்கு அது இருந்தும் இல்லாததுதான்.

பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே ஒரு அங்கிலிக்கன் தேவாலயம் இருந்தது. செங்கல் கட்டடம்; உயரமான கோபுரமெல்லாம் இல்லை. அம்மா அதை வேதக்கோயில் என்றார். நவம்பரில் ஒருநாள், சேலைக்குமேல் இரண்டு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு அம்மா தம்பியை இடுப்பில் வைத்தபடி பஸ்ஸுக்கு நின்றபோது, அந்தக் கோயிலிலிருந்து ஒரு பெண் வீதியைக் கடந்து ஓடிவந்தார். அறுபது வயதிருக்கும். மெலிந்த உயரமான உருவம், மூக்கு நுனி சிவந்திருந்தது. அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். எனக்கு நினைவிருப்பது தமிழில்.

"இந்தக் குளிருக்கு இது போதாது. வாருங்கள், வாருங்கள்" என்று அம்மாவின் கையைப் பிடித்தார்.

பஸ் போய்விட்டது. நாங்கள் கோயிலின் நிலவறையில் நின்றோம். ஒரு நீளக் கம்பியில் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. அம்மாவுக்குக் கடுகு நிறத்தில், பெரிய பெரிய பொத்தான்கள் வைத்த ஒன்று கிடைத்தது. அந்துருண்டை மணமும் முன்பு போட்டிருந்த யாரோ ஒருத்தியின் பவுடர் மணமும் அதில் இருந்தன. சட்டைப்பையில் ஒற்றைக் கையுறையும் ஈரம் பட்டுக் காய்ந்த ஒரு மின்ற் மிட்டாயும் இருந்தன. அம்மா கையுறையைத் திருப்பிக் கொடுத்தார். மிட்டாயை நான் கொடுக்கவில்லை. அந்தக் கோட்டு எந்த வீட்டு மாற்றத்தில் தொலைந்ததோ தெரியாது. இன்றைக்கும் எங்காவது அந்துருண்டை மணந்தால் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகும்.

"ஞாயிறு பத்து மணிக்கு வாருங்கள். நான் வாசலில் நிற்பேன்" என்றார் அந்தப் பெண். புதிதாக வருபவர்களை வாசலில் நின்று வரவேற்பதுதான் அங்கே அவருக்குப் பொறுப்பு. அதனால் எங்கள் வீட்டில் அவர் வாசல் அன்ரி ஆனார்.

அப்பா ஷிப்ற் முடிந்து வந்ததும் அம்மா சொன்னார்.

"கோட்டுத் தந்தவை. ஒருக்காப் போய்த் தலையைக் காட்டிப்போட்டு வாருமன். மரியாதை அதுதானே" என்றார் அப்பா.

"எங்களை வேதக்காரர் ஆக்கிப்போடுவினமோ?"

"ஒரு கோட்டுக்கு மாறுற ஆளே நீர்?"

போனோம். வாசல் அன்ரி சொன்னபடி வாசலில் நின்றார். அம்மாவின் கையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தார். எங்கள் நெஞ்சில் பெயர் எழுதிய காகிதம் ஒட்டினார். எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்தார். எல்லோரும் எழுந்து முன்னே போய் முழந்தாளிட்டபோது, என் காதில் மெதுவாகச் சொன்னார்: ஞானஸ்நானம் பெறாதவர்கள் கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்தால் போதும், குருவானவர் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார்.

நான் கைகளைக் குறுக்கே வைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வலக்கை இடக்காதையும் இடக்கை வலக்காதையும் தானாகப் பிடித்துக்கொண்டன. எழுந்து இருந்து, எழுந்து இருந்து, மூன்று தோப்புக்கரணம் போட்டு முடித்தபிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. குருவானவர் தட்டை ஏந்தியபடி, நான் முடிக்கும்வரை பொறுமையாகக் காத்து நின்றார்.

"உதென்ன, பிள்ளையாரே முன்னுக்கு நிக்கிறார்?" என்று அம்மா என் தொடையில் கிள்ளினார். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கோப்பி நேரத்தில் ஒரு கிழவர் வந்து, அதை மறுபடி செய்துகாட்டு என்று கேட்டு, என்னோடு சேர்ந்து தானும் ஒன்று போட்டார். அவருடைய முழங்கால் விறகு முறிவதுபோலச் சத்தமிட்டது. மண்டபமே கைதட்டியது. கோப்பி மணமும் எலுமிச்சைக் கேக்கும், ஈரச் சப்பாத்துகளின் ரப்பர் மணமும் கலந்த அந்த மண்டபத்தில், அந்த நாட்டில் முதன்முறையாக அம்மா வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன்.

ஒரு தரம் என்றது ஒவ்வொரு ஞாயிறும் ஆயிற்று. அம்மா சனிக்கிழமையே சேலையை மடித்து மெத்தைக்குக் கீழே வைப்பார். ஒரு நாள் வழியில் பனி கொட்டியது. திரும்பிவிடுவோமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அவ பாத்துக்கொண்டு நிப்பா" என்றார் அம்மா.

அந்த ஊரில் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரே ஆள் வாசல் அன்ரிதான். இதை நான் இப்போது எழுதும்போது இலகுவாக வருகிறது. அப்போது எனக்கு இது ஒரு பயமாகத்தான் தெரியும்: இதற்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது.

இரண்டாம் ஞாயிறே அம்மா கையைக் குறுக்கே வைப்பதை விட்டுவிட்டார். "தாறதை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிண்டால் என்ன நினைப்பினம்? கோயில்ல கை நீட்டாமல் நிக்கலாமே?" என்றார். வலக்கையை இடக்கையின்மேல் வைத்து, தீர்த்தம் வாங்குவது போலக் குவித்து நீட்டினார். குருவானவர் ஒரு கணம் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நீட்டிய கையை வெறுங்கையாக விட அவருக்கும் மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். வெள்ளை வட்டமாக, ஒற்றைரூபாய் அளவில், காகிதம் போல மெல்லிய அப்பம் ஒன்றை வைத்தார். பின்னால் திராட்சை இரசக் கிண்ணம் வந்தது. அதை எல்லோரும் ஒரே விளிம்பில் வாய்வைத்துக் குடிப்பதைக் கண்ட அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"எச்சில்" என்றார் எனக்கு.

அப்பத்தை அம்மா கண்களில் ஒற்றினார். இருக்கைக்கு வந்ததும் இரண்டாக உடைத்தார். ஒரு பாதியைத் தான் வாயில் போட்டார். மறுபாதியைக் கைலேஞ்சியின் மூலையில் முடிந்தார்.

அது சின்னமாமாவின் பங்கு.

சின்னமாமா அம்மாவின் கடைசித் தம்பி. அம்மா தூக்கி வளர்த்தவர். ஊரில் அம்மா வெள்ளிக்கிழமை கோயிலால் வரும்போது, அவர் ஒழுங்கை முகப்பில் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்று, அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழத்தையும் கடலையையும் வீட்டுக்கு வருமுன்னரே முடித்துவிடுவார். எங்களுக்கு மிஞ்சுவது திருநீறுதான். எண்பத்தைந்தில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டார். அவருக்குப் பத்தொன்பது வயது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நாங்கள் புறப்படும் நாளிலும் தெரியவில்லை. ஒவ்வொரு வியாழனும் அம்மா கீழே தபால்பெட்டியைத் திறந்து, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பார்.

குசினி அலுமாரியின் மேல்தட்டில் பிள்ளையார், முருகன், ஒரு சிமிழ் திருநீறு. அவற்றுக்குப் பக்கத்தில் அப்பாவின் இருமல் மிட்டாய்ப் பேணி ஒன்றைக் கழுவி வைத்து, பாதி அப்பங்களை அம்மா அதில் சேர்த்தார். தட்டையான சின்னத் தகரப் பேணி. எத்தனை தரம் கழுவியும் கற்பூரதைல மணம் போகவில்லை.

"உதென்ன, அப்பளத்தின்ர குஞ்சுகளே?" என்று கேட்டார் அப்பா.

"பகிடி விடாதேங்கோ. அவன் வந்தாப்பிறகு குடுக்க. எந்தக் கோயிலெண்டாலென்ன, அவன்ர பங்கை நான் ஒருநாளும் விட்டதில்லை."

அப்பா பகிடியை நிறுத்திவிட்டார். பேணியின் மூடியை அழுத்தி மூடினார். பிறகு குளிக்கப் போனார்.

தைப்பொங்கல் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். ஞாயிறு வகுப்பில், நிலவறையில் நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் இருந்தோம். படிப்பித்த இளம் அக்கா அப்பத்தைப் பற்றிச் சொன்னார். ஆசீர்வதித்தபின் அது சாதாரண அப்பமல்ல. அதை அங்கேயே உண்ண வேண்டும். வெளியே கொண்டுபோகக்கூடாது. மிஞ்சியதைக்கூட வீசமாட்டார்கள். பீடத்துக்கு ஊழியம் செய்பவர்கள் ஒரு துகள் விடாமல் உண்டு, பாத்திரத்தை அலசிய தண்ணீரையும் குடிப்பார்கள். ஞானஸ்நானம் பெறாதவர்கள் அதை வாங்குவதில்லை.

என் காது சுட்டது. அப்போது பேணியில் எட்டுப் பாதிகள் இருந்தன.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு விளக்குக்கம்பமாகத் தவணை வைத்தேன். அடுத்த கம்பத்தில் சொல்வேன். அடுத்ததில். அம்மா கைலேஞ்சி முடிச்சைக் கையுறைக்குள் பொத்திக்கொண்டு, பனிச்சேற்றில் சறுக்காமல் காலை அகட்டி அகட்டி வைத்து, ஏதோ ஒரு தேவாரத்தை மெல்ல முணுமுணுத்துக்கொண்டு வந்தார். லிஃப்ற் வந்துவிட்டது. நான் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் சொல்லவில்லை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாசல் அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. தம்பிக்கு ஒரு சோடி பூட்ஸ் கொண்டுவந்திருந்தார். அம்மா வீட்டுச்சட்டையோடு நின்றவர், "ஐயோ, இரண்டு நிமிசம் இருக்கச் சொல்லு" என்று சேலை மாற்ற அறைக்குள் ஓடினார். நான் வாசல் அன்ரியைக் குசினி மேசையில் இருத்தினேன். அவர் தண்ணீர் கேட்டார். கிளாஸ் எடுக்க அலுமாரியைத் திறந்தேன். அவரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"ஓ! இவர்கள் யார்?"

எனக்குப் பெருமை. இவர் பிள்ளையார், நான் அன்றைக்குத் தோப்புக்கரணம் போட்டது இவருக்குத்தான். இவர் முருகன், இவருடைய தம்பி. அவர் மிகவும் மரியாதையாக, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதுதான் பேணி நினைவுக்கு வந்தது. மறைப்பதற்காக அவசரமாகக் கையை வைத்தேன். மூடி கழன்றது. பாதி வட்டங்கள் அலுமாரிக்குக் கீழிருந்த மேசைத்தட்டில் சிதறின. பதினாலோ பதினைந்தோ.

அவர் ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். அதில் அழுத்தியிருந்த சிலுவையின் பாதி தெரிந்தது.

அவர் முகத்திலிருந்து ஏதோ வடிந்துபோனது. கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும், அழுதால் உண்மை வந்திருக்கும்.

"கண்ணே, இவை எப்படி இங்கே வந்தன?"

ஒன்பது வயதுக்கு எட்டிய கணக்கு இதுதான்: அம்மா செய்தது என்றால் அம்மாவை இனி உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைகள் செய்தது என்றால் மன்னித்துவிடுவார்கள்.

"நானும் தம்பியும் கடை விளையாடுறது. அம்மாவின்ர கையிலயிருந்து நாங்கள் எடுத்தது. அம்மாவுக்குத் தெரியாது" என்றேன்.

அவர் கண்களை மூடித் திறந்தார். நான் இப்போது நினைக்கிறேன், அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அந்தக் குசினித் தரையிலேயே இருந்து அழுதிருப்பார். ஒருவேளை அம்மாவும். ஒருவேளை இல்லை. எனக்குத் தெரியாது. அவர் குழாயைத் திறந்து கைகளைக் கழுவினார். பிறகு நின்றபடியே, அந்தப் பாதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் வைத்தார். மூன்று மாதம் காய்ந்தவை. மெல்ல வேண்டியிருந்தது. மேசைத்தட்டிலிருந்த துகள்களை ஈரவிரலால் ஒற்றி எடுத்தார். பேணியில் தண்ணீர் விட்டு அலசி, அதையும் குடித்தார்.

எனக்கு அவர் என்ன செய்கிறார் என்று தெரியும். ஞாயிறு வகுப்பு அக்கா சொல்லித்தந்திருந்தார். அம்மாவுக்குத் தெரியாது. அம்மா பச்சைச் சேலையோடு குசினி வாசலில் நின்றார். பேணி வாசல் அன்ரியின் வாயில் கவிழ்ந்திருந்தது.

அம்மா உள்ளே வந்தார். அடுப்பில் கேத்தலை வைத்தார். தேத்தண்ணீருக்கு இரண்டு தரம் சீனி போட்டார். வாசல் அன்ரி பாதி குடித்துவிட்டு, அம்மாவை இறுக அணைத்துவிட்டுப் போனார். அவர் பிள்ளைகளின் குற்றத்தைத் தாயிடம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அதை எனக்காகச் செய்தார்.

கதவு சாத்தியதும் அம்மா கேட்டார்: "ஏன் பிள்ளை அவ அதைத் திண்டவ?"

"பசியாம்."

"விசுக்கோத்து இருந்ததே. ரோல்ஸ் இருந்ததே." அம்மா கழுவிய பேணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "பசிக்கு அவவுக்கு என்ர தம்பியின்ர பங்குதானோ கிடைச்சது?"

அந்த ஞாயிறு அம்மா மெத்தைக்குக் கீழே சேலை வைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. அப்பா கேட்டார், "என்ன, மனுசியோட கோவமே? நல்ல மனுசியல்லோ."

"கோவமில்லை. அவவைக் கண்டால் அவன்ர பங்கு போனதுதான் நினைவுக்கு வரும். அது நல்லதுக்கில்லை எண்டு மனம் சொல்லுது."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

அம்மா எழுந்தார். யன்னலுக்குப் போனார். பதினோராவது தளத்திலிருந்து கோயில் வாசல் தெரியும். பத்து மணிக்கு ஒரு மெலிந்த உருவம் வெளியே வந்து, வீதியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, உள்ளே போவதும் தெரியும். அம்மா திரையை இழுத்துவிடுவார்.

மூன்றாம் ஞாயிறு, ஆராதனை முடியும் நேரத்துக்குப் பிறகு, கீழ்வாசல் மணி எங்கள் வீட்டில் அடித்தது. சுவரிலிருந்த பேசும் பெட்டியை நான் அழுத்தினேன். வாசல் அன்ரியின் குரல். அம்மா கையை ஆட்டினார்.

"வீட்டில ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லு."

சொன்னேன்.

பெட்டிக்குள் சிறிது நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. "ஒருவரும் இல்லையென்றால், கண்ணே, நீ யார்?" என்றது குரல். அதில் சிரிப்பு இருந்தது. சிரிப்புக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. "அம்மாவிடம் சொல், நான் தவறாக ஏதும் செய்திருந்தால்..." பிறகு இரைச்சல்.

தவறு தன்னுடையது என்று அவர் நினைக்கிறார். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு, குப்பை போட்டுவிட்டு வாறன் என்று கீழே ஓடினேன். அவர் வாசற்கூடத்தின் ஹீற்றர் பலகையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் மூச்சு வாங்க நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் விளையாடவில்லை. அது சின்னமாமாவுக்கு. அவரைக் காணவில்லை. அம்மா எப்போதும் கோயிலில் தருவதில் அவருக்குப் பாதி வைப்பார். அதை வைத்திருக்கக் கூடாதென்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை.

அவர் கையால் வாயை மூடிக்கொண்டார். தான் எதை உண்டார் என்பதை அப்போதுதான் அவர் அறிந்தார்.

பிறகு, "உன் மாமாவின் பெயர் என்ன?" என்று கேட்டார். கைப்பைக்குள் இருந்த அன்றைய ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில், நான் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதினார். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "அடுத்த ஞாயிறு அம்மா வந்தால் போதும். என்னுடன் பேசவேண்டியதில்லை. வந்தால் போதும்."

மேலே போய் அம்மாவிடமும் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். அம்மா என் தலையைப் பிடித்துத் தன்பக்கம் திருப்பினார்.

"இத்தினை நாளும் இதை வைச்சுக்கொண்டோ திரிஞ்சனீ?" என்றார். பிறகு, "அவையின்ர முறை அவைக்கு. நான்தான் கேட்டிருக்கோணும். பாவம் அந்த மனுசி, காய்ஞ்சு கல்லாப் போனதை எல்லாம்..." என்று சொல்லும்போது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு மறுபடி போனோம். வாசலில் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மொழிபெயர்க்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆராதனை நடுவில், மற்றவர்களுக்காக மன்றாடும் பகுதி. ஒருவர் முன்னே போய்ப் பெயர்களை வாசிப்பார். முதலில் நோயிலும் துன்பத்திலும் இருப்பவர்கள். பிறகு ஒரு இடைவெளி விட்டு, இறந்தவர்கள். அன்று வாசிக்கப் போனது வாசல் அன்ரி. நாலைந்து ஆங்கிலப் பெயர்களுக்குப் பிறகு, கல்லில் கால் வைப்பது போல ஒவ்வோர் எழுத்தாக மிதித்து, சின்னமாமாவின் முழுப்பெயரையும் வாசித்தார்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "எந்தப் பட்டியல்? உயிரோட இருக்கிறவையின்ரயே?"

"ஓம் அம்மா. முதலாவது."

"ஆண்டவரே, கேட்டருளும்" என்று எல்லோரும் ஆங்கிலத்தில் சொன்னார்கள். அம்மாவும் சொன்னார். அதன்பிறகு அம்மா அப்பத்துக்குக் கை நீட்டவில்லை. நெஞ்சில் குறுக்கே வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். சின்னமாமாவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது, அது போதும் என்பது போல இருந்தது. வசந்தமும் கோடையும் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் அவர் பெயர் வாசிக்கப்பட்டது. வாசிப்பவர்கள் மாறினாலும், மெல்ல மெல்ல எல்லோருக்கும் அந்தப் பெயர் வாயில் படிந்தது. தோப்புக்கரணக் கிழவர் ஒருநாள், "உங்கள் தம்பியிடமிருந்து கடிதம் வந்ததா?" என்று அம்மாவைக் கேட்டார்.

கடிதம் வரவில்லை. ஒக்டோபரில் ஒரு ஆள் வந்தார். சின்னமாமாவோடு அடைபட்டிருந்து, வெளியே வந்து, பல நாடுகள் கடந்து ரொறன்ரோ வந்து சேர்ந்தவர். எங்கள் வரவேற்பறையில் இருந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சின்னமாமா பிடிபட்ட மூன்றாம் மாதமே இறந்துவிட்டார். நாங்கள் விமானம் ஏறுவதற்கு வெகு முன்பே. அந்த அப்பங்களுக்கும் முன்பே.

வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தொரு நாள் கோயிலுக்குப் போகக்கூடாது. வேதக்கோயிலுக்கும் அதே முறைதான் என்று அம்மா தீர்மானித்தார். ஞாயிறு காலை என்னை மட்டும் அனுப்பினார்.

"அவவிட்டச் சொல்லு, பிள்ளை. பேரை மற்றப் பட்டியலுக்கு மாத்தச் சொல்லி. வேற ஒண்டும் சொல்ல வேண்டாம்."

வாசலில் அன்ரி நின்றார். "அம்மா எங்கே?"

"தடிமனும் காய்ச்சலும்" என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. உள்ளே போய், முதல் பட்டியலில் சின்னமாமாவின் பெயரைக் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "சொன்னனியோ?" என்றார். ஓம் என்றேன். அடுத்த ஞாயிறு அன்ரி ஒரு போத்தலில் சூப் தந்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் நான் வாயைத் திறந்தேன், மூடினேன். இதை எழுதும் இந்த வயதிலும் எனக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. பயந்தேனா, சோம்பலா, அல்லது அந்த மண்டபத்தில் அறுபது பேர் ஒரு ஆள் உயிரோடு இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருக்கும்போது, ஒரு சொல்லால் அவரைச் சாகடிக்கிற ஆளாக நான் இருக்க விரும்பவில்லையா? நான்கு ஞாயிறுகள் அப்படிப் போயின.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அடுத்த ஞாயிறு அம்மா வந்தார். நரை கூடியிருந்தது. கடுகு நிறக் கோட்டைக் கழற்றாமலே இருக்கையில் இருந்தார். பெயர் வாசிக்கும் நேரம் வந்தது. வாசல் அன்ரிதான் எழுந்து போனார். நோயாளிகள் சிலரின் பெயர். பிறகு, இப்போது நா தடுக்காமல், எங்கள் வீட்டு ஆள் ஒருவர் கூப்பிடுவது போல, சின்னமாமாவின் பெயர். முதல் பட்டியலில்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லேல்லையோ?"

நான் தலையை ஆட்டினேன். கிள்ளு விழுவதற்காகத் தொடையை இறுக்கிக்கொண்டேன். முன்னே வாசல் அன்ரி இடைவெளி விட்டார். ஒரு இருமல். யாரோ ஒருவர் கால் மாற்றி வைக்கும் சத்தம். பிறகு இறந்தவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டு, முடிந்தன.

"விடு, பிள்ளை" என்றார் அம்மா, முன்னே பார்த்தபடி. "இஞ்சையெண்டாலும் கொஞ்சநாள் இருக்கட்டும்."

அந்தக் கொஞ்சநாள், எண்பத்தொன்பதில் நாங்கள் விட்பி என்ற ஊருக்கு வீடு மாறும்வரை நீண்டது. அன்ரிக்கு யாராவது உண்மையைச் சொன்னார்களா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் வாசிக்கிற நாட்களில், அந்தப் பெயருக்கு முன் தாளிலிருந்து கண்ணை உயர்த்தி அம்மாவைப் பார்ப்பார். அம்மா மெல்லத் தலையசைப்பார். அதன்பிறகுதான் அவர் வாசிப்பார்.